கான்கிரீட் ஊற்றும்முன் நான்கு குழாய்

வாசகர் கேள்வி: மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நிர்வாக அலுவலராக இருக்கிறேன். பழைய கட்டடத்தை ஒட்டிப் புதிய கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. இரண்டு பேஸ்மென்ட், தரைத்தளம், அதற்கு மேல் ஆறு தளங்கள். நான்காம் தளம்வரை ஸ்லாப் முடிந்துவிட்டது. ஐந்தாம் தளத்துக்குக் கம்பி கட்டுகிறார்கள். முதல் பேஸ்மென்டில் ஸ்கேன், எக்ஸ்ரே பிரிவுகள் வருகின்றன. அங்கே அடுத்த மாதம் ஃபால்ஸ் சீலிங் வேலை தொடங்கும். இப்போதே அந்தத் தளத்தில் யாருடைய போனிலும் சிக்னல் இல்லை. பழைய கட்டடத்தில் பணி மருத்துவரைத் தேடி ஆள் அனுப்பிய அனுபவம் எங்களுக்கு உண்டு. கட்டடத்துக்குள் சிக்னல் தரும் அமைப்பை எல்லா வேலையும் முடிந்தபின் பொருத்திக்கொள்ளலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். பூஸ்டர் வாங்கி மாட்டினால் போதும் என்கிறார் இன்னொருவர். ஒரு செல்போன் நிறுவனம் இலவசமாகவே செய்து தருவதாக ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. கதிர்வீச்சு நோயாளிகளைப் பாதிக்காதா என்று டாக்டர்கள் சிலர் கேட்கிறார்கள். வைஃபை இருக்கும்போது இதெல்லாம் தேவையா என்றும் ஒரு கேள்வி. கட்டடத்தை நாங்கள் எப்படித் தயார் செய்ய வேண்டும்?

பதில்: இதை முழுக்கப் படிப்பதற்கு முன்பே சைட் இன்ஜினியரை அழைத்து ஒரு வேலை சொல்லிவிடுங்கள். ஐந்தாம் தளத்துக்குக் கான்கிரீட் ஊற்றும்முன், லிஃப்டுக்குப் பக்கத்தில், பீமைத் தொடாத இடத்தில், பின்னால் சிக்னல் கேபிள் ஏறுவதற்காக நான்கு 110 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாய்த் துண்டுகளை நிறுத்தி, வாயைச் சாக்கால் அடைத்து வைக்கட்டும். எந்த இடம் என்பதைக் கட்டமைப்புப் பொறியாளரே குறித்துத் தர வேண்டும். ஆறாம் தளத்துக்கும் மொட்டைமாடிக்கும் அதே நேர்கோட்டில் அதே நான்கு. செலவு சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். இதையே கான்கிரீட் இறுகிய பிறகு செய்ய நினைத்தால் கோர் கட்டிங் இயந்திரம், அதற்குத் தண்ணீர், கீழ்த்தளம் முழுக்கச் சேறு, கம்பி வெட்டுப்பட்டதா என்ற சண்டை, கட்டமைப்புப் பொறியாளரின் கடிதம் என்று ஒரு வாரம் போகும். முடிந்துபோன தளங்களில் அந்தப் பாடு எப்படியும் உண்டு. மற்ற தளங்களுக்கும் அதை ஏன் இழுத்துக்கொள்ள வேண்டும்? உங்கள் ஸ்லாப் இழுவிசைக் கம்பி வைத்த போஸ்ட் டென்ஷன் வகையாக இருந்தால், ஸ்கேன் செய்து கம்பி போகும் தடத்தைக் குறிக்காமல் எவரையும் துளை போட விடாதீர்கள்.

வரைபடத்தில் தொலைத்தொடர்புக்கென்று தனி டக்ட், அதாவது தளம் தளமாகக் கேபிள் ஏறும் செங்குத்து வழி, இருந்தால் இந்தக் குழாய்களுக்கு அவசியமில்லை. நான் பார்த்த கட்டடங்களில் பத்துக்கு எட்டில் அது இருந்ததில்லை. மின்சாரத்துக்கு டக்ட், தண்ணீருக்கு டக்ட், தீயணைப்புக் குழாய்க்கு டக்ட். தொலைத்தொடர்பு என்றால் ‘அது கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்’. உங்கள் ஒப்பந்ததாரர் சொல்வதும் அதைத்தான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். கருவியைக் கடைசியில் பொருத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் கருவிக்குப் போகும் வழியைக் கடைசியில் உண்டாக்க முடியாது. அலைக்கற்றையும் ரேடியோக் கருவியும் செல்போன் நிறுவனத்துடையவை. வழி உங்களுடையது. உங்கள் தயாரிப்பு வேலை என்பது பெரும்பாலும் இந்த வழியைப் பற்றியதுதான்.

பேஸ்மென்டில் சிக்னல் இல்லாததில் வியப்பில்லை. மண்ணுக்குள் இருக்கும் கான்கிரீட் பெட்டிக்குள் டவரின் அலை எந்தப் பக்கமாக வரும்? மேல் தளங்களும் இதே கதிக்கு ஆளாகலாம் என்பதை இப்போதே யோசியுங்கள். இன்று ஜன்னல் வைக்காத வெறும் சட்டகமாக நிற்பதால் மூன்றாம் மாடியில் சிக்னல் நன்றாக இருக்கும். முகப்பில் வெப்பம் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி பொருத்துவதாக இருந்தால் நிலைமை மாறிவிடும். அந்தப் பூச்சு 20 முதல் 30 டெசிபல்வரை அலையைத் தடுக்கும். 20 டெசிபல் என்றால் வெளியே இருப்பதில் நூறில் ஒரு பங்குதான் உள்ளே வரும். வெயிலைத் தடுக்க வாங்கிய கண்ணாடி போனையும் சேர்த்தே தடுத்துவிடும்.

அளந்து பார்க்க ஆளைக் கூப்பிடுவதற்கு முன் நீங்களே ஒரு முறை நடந்து பாருங்கள். போனின் மேல் மூலையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஒவ்வொரு போனும் ஒவ்வொரு கணக்கில் கோடு போடும். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் சிம் நிலை என்ற இடத்தில் சிக்னல் வலிமை மைனஸ் எண்ணாக இருக்கும். 4ஜி-யில் மைனஸ் 85-க்கு மேலே இருந்தால் நல்லது. மைனஸ் 105-க்குக் கீழே போனால் பேச்சு தடுமாறத் தொடங்கும். மைனஸ் 120-க்குப் பக்கத்தில் போன் வெறும் கடிகாரம். வெவ்வேறு நிறுவனங்களின் சிம்களோடு ஒவ்வொரு தளமாக நடந்து, தளப்படத்தின் நகலில் அந்த எண்களைப் பென்சிலால் குறியுங்கள். பின்னால் வரும் வடிவமைப்பாளர் முறையான கருவிகளோடு இதையே மறுபடி செய்வார். ஆனால் அவர் சொல்வதைச் சரிபார்க்க உங்கள் கையில் ஒரு தாள் இருக்கும்.

அமைப்பைப் புரிந்துகொள்ள மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் போதும். ஓர் அறையில் செல்போன் நிறுவனங்களின் ரேடியோக் கருவிகள், அதுதான் தொட்டி. அங்கிருந்து அரை அங்குலக் கோஆக்ஸியல் கேபிள் கிளம்பி டக்ட் வழியாகத் தளம் தளமாக ஏறும், இறங்கும். டீ-ஜாயின்ட் போல ஸ்ப்ளிட்டர்கள் அலையைப் பிரிக்கும். கடைசியில் சீலிங்கில் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ், அதுதான் ஆன்டெனா. தண்ணீருக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒழுகாத குழாயில் தண்ணீர் குறையாது. கேபிளிலோ போகப் போக அலை குறைந்துகொண்டே வரும். நூறு மீட்டர் அரை அங்குலக் கேபிளில் 900 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 7 டெசிபல் இழக்கும். அதாவது ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். 5ஜி ஓடும் 3,500 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். டெசிபலில் இரட்டிப்பு என்றால் மிஞ்சுவது இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஆகவே அந்த அறையைக் கட்டடத்தின் ஒரு கோடியில் வைப்பது, தொட்டியைப் பக்கத்துத் தெருவில் கட்டுவதற்குச் சமம். உங்கள் ஒன்பது தளங்களுக்குத் தரைத்தளத்திலோ முதல் தளத்திலோ, டக்ட்டை ஒட்டிய இடமே சரி.

அறையைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். மருத்துவமனைகளில் இதற்குக் கிடைப்பது பெரும்பாலும் மாடிப்படிக்குக் கீழே உள்ள மூலையோ, துடைப்பம் வைக்கும் அறையோதான். மூன்றுக்கு நான்கு மீட்டர் இடம் ஒதுக்குங்கள். நான்கு நிறுவனங்களின் ரேக்குகளும் முன்னால் ஆள் நின்று வேலை செய்ய ஒரு மீட்டரும் அதில் அடங்கிவிடும். மேல் தளத்தில் அதற்கு நேராகக் கழிப்பறையோ டயாலிசிஸ் பிரிவின் தண்ணீர்க் குழாயோ வரக் கூடாது. பேட்டரி வரிசை ஒன்றே முந்நூறு கிலோவைத் தாண்டலாம். தரை தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுதி வாங்குங்கள். ஏ.சி. இரவு பகல் ஓட வேண்டும், அலுவலக ஏ.சி.யோடு சேர்த்தால் மாலை ஆறு மணிக்கு யாராவது அணைத்துவிடுவார்கள். மின்சாரம் ஜெனரேட்டர் லைனிலிருந்து தனி எம்.சி.பி. வழியாக வரட்டும். நிறுவனத்துக்கு ஒரு தனி மீட்டர் வைத்துவிட்டால் பின்னால் மின்கட்டணத் தகராறு இல்லை. எர்த்திங்குக்குச் செம்புப் பட்டை அறைக்குள் வந்து நிற்க வேண்டும். அது கட்டடத்தின் முதன்மை எர்த்தோடு இணைந்திருக்க வேண்டும். ‘எங்களுக்குத் தனிக் குழி’ என்று தோண்டி, இணைக்காமல் விடுகிற பழக்கம் நம் பக்கம் உண்டு. இடி இறங்கும் நாளில் இரண்டு எர்த்துக்கும் நடுவில் கருவி மாட்டிக்கொள்ளும். தெருவிலிருந்து ஃபைபர் உள்ளே வர இரண்டு திசைகளில் இரண்டு குழாய் புதைத்துவிடுங்கள். சாலை தோண்டுகிறவர் ஒரு நாளில் ஒரு பக்கத்தைத்தானே வெட்டுவார்!

சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஒரு கட்டடத்தில் நள்ளிரவில் சிக்னல் போய், அறைச் சாவி வைத்திருந்தவர் சபரிமலைக்குப் போயிருந்ததால், இரண்டு நாள் வெளியே உட்கார்ந்திருந்தேன்.

இனி சீலிங். அடுத்த மாதம் அதை மூடப்போகிறீர்கள் என்பதால் வடிவமைப்பாளரிடம் முதலில் பேஸ்மென்ட் வரைபடத்தை மட்டுமாவது கேட்டு வாங்குங்கள். அவருக்கு நீங்கள் தர வேண்டியவை: தளப்படம், குறுக்குவெட்டுப் படம், விளக்கும் ஏ.சி. துளைகளும் காட்டும் சீலிங் படம், ஸ்பிரிங்க்ளர் குழாய் போகும் தடம், எந்தச் சுவர் என்ன பொருள் என்ற குறிப்பு. இந்தக் கடைசிக் குறிப்பைத்தான் யாரும் தருவதில்லை. சுவர் நிறைந்த மருத்துவமனையில் ஓர் ஆன்டெனா பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் பயன் தராது. திறந்த அலுவலகத்துக்குப் போட்ட கணக்கை இங்கே பொருத்தினால் வார்டின் கடைசிப் படுக்கைக்குச் சிக்னல் எட்டாது.

ஒவ்வோர் ஆன்டெனாப் புள்ளிக்கும் இரண்டு கேபிள் போகும் என்று கணக்குப் போட்டு, கேபிளைத் தாங்கிப் போகும் ட்ரேயின் அகலத்தைத் தீர்மானியுங்கள். இன்றைய 4ஜி, 5ஜி இரண்டும் இரட்டைத் தடத்தில் ஓடினால்தான் முழு வேகம் தரும். மின்கேபிள் ட்ரேயிலிருந்து ஓர் அடியாவது விலகியிருக்கட்டும். அரை அங்குலக் கேபிளை நூல்போல் மடிக்க முடியாது. 125 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் வளைக்க வேண்டும். சாதாரண எல்போ வைத்த குழாய்க்குள் அது திரும்பாது. முன்பு ஒரு வணிக வளாகத்தில் எலக்ட்ரீஷியன்கள் எங்களுக்கு உதவுவதாக நினைத்து முப்பது இடங்களில் ஒரு அங்குலக் குழாயும் எல்போவும் போட்டுச் சுவரைப் பூசி வைத்திருந்தார்கள். முப்பதையும் உடைத்தோம். அன்று கொத்தனார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

ஜிப்சம் சீலிங் அலையை அதிகம் தடுக்காது. உலோகத் தகட்டு ஓடுகள் என்றால் ஆன்டெனா ஓட்டுக்குக் கீழே வெளியில் தெரிய வேண்டும். அழகு கெடுகிறது என்று உட்புற வடிவமைப்பாளர் அதை மேலே தூக்கி மறைத்துவிட்டால் செய்ததெல்லாம் வீண். ஸ்ப்ளிட்டர் இருக்கும் இடத்திலெல்லாம் திறந்து பார்க்கும் மூடி வேண்டும். அந்த மூடிகளில் ஒன்றுகூட ஐ.சி.யு.வுக்குள்ளும் அறுவை அரங்குக்குள்ளும் வரக் கூடாது. சீலிங்கைத் திறந்தால் தூசி விழும்; தூசியோடு பூஞ்சைத் துகள் வரும்; உங்கள் தொற்றுத் தடுப்புக் குழு அதை அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஸ்ப்ளிட்டர்களை வெளி நடையில் வைத்து, கேபிளை மட்டும் உள்ளே விடச் சொல்லுங்கள். டக்ட்டில் தளத்துக்குத் தளம் கேபிள் போன பிறகு மிஞ்சும் இடைவெளியைத் தீத்தடுப்புப் பசையால் அடைக்க வேண்டும். திறந்து கிடக்கும் டக்ட் தீ விபத்தில் புகைபோக்கியாக மாறிவிடும். கேபிளின் மேலுறையும் எரியும்போது நச்சுப் புகை கக்காத வகையாக இருக்கட்டும்.

ஸ்கேன் பிரிவுக்குத் தனிக் கவனம் வேண்டும். எக்ஸ்ரே, சி.டி. அறைச் சுவர்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் பெற்ற வரைபடப்படி கட்டப்படுபவை. ஈயத் தகட்டில் கேபிளுக்கென்று ஒரு துளை போட்டாலும் அந்தப் பாதுகாப்பு ஓட்டையாகிவிடும். எம்.ஆர்.ஐ. அறை இன்னும் கறாரானது. செம்புத் தகடு போர்த்திய கூண்டு அது. வெளி ரேடியோ அலை உள்ளே நுழையாமல் காப்பதுதான் அதன் வேலை, 1.5 டெஸ்லா இயந்திரம் 64 மெகாஹெர்ட்ஸ் அளவில் நோயாளியின் உடலிலிருந்து வரும் மெல்லிய அலையைக் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த அறைக்குள் ஆன்டெனா வேண்டாம், கேபிளும் நுழைய வேண்டாம். கட்டுப்பாட்டு அறை, காத்திருக்கும் இடம், நடை ஆகியவற்றில் ஆன்டெனா வைத்தால் போதும். உள்ளே இருக்கும் டெக்னீஷியனுக்கு இன்டர்காம் கொடுங்கள். பேஸ்மென்ட் வரைபடத்தில் இந்த அறைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு ‘துளை கூடாது’ என்று எழுதி, சீலிங் ஆள், ஏ.சி. ஆள், கேபிள் ஆள் மூவருக்கும் கொடுத்துவிடுங்கள்.

லிஃப்ட், வாகனச் சரிவுப் பாதை இரண்டையும் வடிவமைப்பாளர் மறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரெச்சர் லிஃப்டில் போகும்போதுதான் மருத்துவர் மேல் தளத்துக்குப் போன் செய்வார். லிஃப்ட் கம்பெனியின் அனுமதி இல்லாமல் அந்தக் குழிக்குள் எதையும் மாட்டக் கூடாது. அந்தக் கடிதத்துக்கு இப்போதே எழுதிப் போடுங்கள், வரத் தாமதமாகும்.

பூஸ்டர் விஷயத்துக்கு வருவோம். வேண்டவே வேண்டாம். ரிப்பீட்டர் என்றும் சொல்லப்படும் இந்த பூஸ்டரை உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தவிர வேறு எவரும் வைத்திருப்பதும் விற்பதும் பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் தெளிவாகவே அறிவித்தது. சட்டத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும் அது கெட்ட சாமான். தான் கேட்கிற இரைச்சலையும் பெருக்கி டவரை நோக்கித் திருப்பி அனுப்பும். ஒரு முறை ஓர் ஊரின் பாதிப் பகுதியில் பேச்சு அறுந்துகொண்டே இருந்தது. ஐந்து நாள் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தபின், ஒரு விடுதியின் மொட்டைமாடியில் துணி காயப்போட்ட கொடிக்குப் பின்னால் அது கிடைத்தது. விடுதிக்காரருக்கு அப்படி ஒரு தொல்லை தருகிறோம் என்றே தெரியாது. அந்த நிலை ஒரு மருத்துவமனைக்கு வரக் கூடாது.

இலவச ஒப்பந்தத்தைக் கையெழுத்திடாமல் மேசையில் வையுங்கள். முழுக்கப் படித்து, ‘வேறு நிறுவனத்தை அனுமதிக்கக் கூடாது’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். உங்கள் நோயாளியின் மகன் எந்த சிம் வைத்திருப்பார் என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது. ஒரே நிறுவனத்துக்கு மட்டும் இடம் தரும் இத்தகைய தனி ஒப்பந்தங்கள் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2017-லேயே பரிந்துரைத்தது. ஒன்றிய வீட்டுவசதி நகர்ப்புற விவகார அமைச்சகம் 2022-இல் மாதிரிக் கட்டட விதிகளில் சேர்த்த பகுதியும் இத்தகைய உட்கட்டமைப்பைக் கட்டடம் எழும்போதே பொதுவாக அமைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. அது மாதிரி விதி மட்டுமே. ஆனால் பேரத்தில் எடுத்துக் காட்டப் பயன்படும். எல்லா நிறுவனங்களும் பங்கிட்டுக்கொள்ளும் ஒரே கேபிள் வலையை, உட்கட்டமைப்புப் பதிவு பெற்ற, எல்லாருக்கும் பொதுவான ஒரு நிறுவனத்திடம் கொடுப்பது என் விருப்பம். யாரிடம் கொடுத்தாலும் ஒப்பந்தத்தில் ஒன்றைச் சேருங்கள்: கேபிள், ஸ்ப்ளிட்டர், ஆன்டெனா எல்லாம் 698 முதல் 3,800 மெகாஹெர்ட்ஸ்வரை தாங்க வேண்டும். பழைய சரக்கு 2,700-இல் நின்றுவிடும். கிடங்கில் தேங்கியதைத் தள்ளிவிட உங்கள் கட்டடம் வசதியாக அமைந்துவிடும். நான்கு ஆண்டுகளில் 5ஜி-க்காக மறுபடி சீலிங்கைப் பிரிப்பீர்கள்.

டாக்டர்கள் கேட்பது நியாயமான கேள்வி. நம் நாட்டில் 2012 செப்டம்பர் 1 முதல் டவர் கதிர்வீச்சுக்கு உள்ள வரம்பு, ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. என்ற பன்னாட்டு அமைப்பு பரிந்துரைத்ததில் பத்தில் ஒரு பங்கு. கட்டடத்துக்குள் இருக்கும் ஆன்டெனா டவர் ஆன்டெனா அல்ல. பொதுவாகச் சில பத்து மில்லிவாட் அளவில்தான் அலை விடும். சட்டைப்பையில் இருக்கும் 4ஜி போன், சிக்னல் கிடைக்காத பேஸ்மென்டில் டவரை எட்டிப் பிடிக்க 200 மில்லிவாட்வரை போகும். பக்கத்திலேயே ஆன்டெனா இருந்தால் மெல்லப் பேசினால் போதும் என்று போன் அடங்கிவிடும். ஆகவே நோயாளியின் உடலோடு ஒட்டிய கதிர்வீச்சு இந்த அமைப்பால் குறையும் என்றே டாக்டர்களிடம் சொல்லுங்கள். ஐ.சி.யு.வில் மட்டும் ஆன்டெனாவைப் படுக்கைத் தலைமாட்டுக்கு நேர் மேலே வைக்காமல், பயோமெடிக்கல் பொறியாளரோடு நின்று இடம் குறியுங்கள்.

வைஃபை போதாதா என்ற கேள்விக்கும் பதில் அதிகம் இல்லை. வைஃபை அழைப்பு ஊழியர்களுக்கு உதவும். விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் அண்ணன் முதலில் கடவுச்சொல் கேட்டு நிற்க மாட்டார்.

வேலை முடிந்ததும் பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் பென்சில் தாளை எடுத்துக்கொண்டு அதே தடத்தில் மறுபடி நடங்கள். இந்த முறை கதவுகளைச் சாத்தி, லிஃப்டை மூடி. கேபிள் ஒவ்வொன்றுக்கும் அலை திரும்பி வருகிறதா என்று பார்த்த சோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பேஸ்மென்ட் சீலிங் மூடப்படுவதற்கு முந்தைய நாள் ஒருவரை ஏணியோடு அனுப்பி, ட்ரே போகும் தடம் முழுவதையும், பக்கத்தில் அளவு நாடா தெரியும்படி போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். படங்களைத் தளம், அறை எண் எழுதி அந்தத் தொலைத்தொடர்பு அறையின் கதவுக்குப் பின்னால் ஒரு கோப்பில் மாட்டிவையுங்கள். மின்னஞ்சலில் இருப்பது அடுத்த நிர்வாக அலுவலருக்குக் கிடைக்காது.